உள்ளுறையா, இறைச்சியா, வெறும் உவமையா? குறுந்தொகையை வைத்துப் பிரிப்பது எப்படி?

புதுவாசகர் கேட்டது:

வணக்கம். குறுந்தொகையை உரையோடு வரிசையாகப் படித்து வருகிறேன். 'போல' வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்று பள்ளியில் படித்த கணக்கு 8ஆம் பாட்டிலேயே உடைந்துவிடுகிறது. மரத்திலிருந்து விழும் மாம்பழத்தை வாளைமீன் கவ்வுகிறது என்று பாட்டு தொடங்குகிறது. அது எதற்கு உவமை என்று பாட்டில் எங்கேயும் இல்லை. உரையில் 'உள்ளுறை' என்கிறார்கள். 37ஆம் பாட்டில் ஆண் யானை யாமரத்துப் பட்டையை உரிக்கிறது, அங்கே 'இறைச்சி' என்கிறார்கள். இரண்டிலும் விலங்கு ஒன்று ஏதோ செய்கிறது, அவ்வளவுதானே? எதை வைத்துப் பிரிப்பது?

இன்னொன்று. பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றி எழுதிப் பார்த்த வரிகள் இவை. உருவகம் நிறைய இருக்கிறது, ஆனாலும் செயற்கையாக ஒலிக்கிறது. ஏன்?

துயரக் கடலில் மூழ்கிய வீடு
நினைவின் வேர்கள் நெஞ்சில் தீமூட்ட
அம்மா என்னும் தீபம்
வாடிப் போனது

ஏட்டுச்சுரைக்காய்:

'போல'வை வைத்து எண்ணுவதை முதலில் விடுங்கள். உவமை என்பதில் நான்கு உறுப்பு உண்டு: சொல்லவந்த பொருள், அதற்குக் காட்டும் உவமை, இரண்டையும் சேர்க்கும் உருபு, இரண்டுக்கும் உரிய பொதுத்தன்மை. இவற்றில் எது சொல்லப்பட்டது, எது மறைக்கப்பட்டது என்று பார்த்தாலே பெயர் தானாக வந்துவிடும்.

'மதி போல ஒளிரும் முகம்' என்றால் நான்கும் இருக்கின்றன, விரியுவமை. 'மதிமுகம்' என்றால் உருபும் பொதுத்தன்மையும் தொக்கி நிற்கின்றன, உவமைத்தொகை. அதையே 'முகமதி' என்று திருப்பினால் உருவகம். தமிழில் சொல் வரிசை மாறினாலே அணி மாறிவிடும். சந்தேகம் வந்தால் வினைச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'மதிமுகம் வாடியது' சரி, வாடுவது முகம். 'முகமதி வாடியது' இடிக்கிறது, மதி வாடாது, தேயும். பின்னால் நிற்கும் சொல்லுக்குத்தான் வினை பொருந்தவேண்டும். உங்கள் நாலு வரியிலும் இதே சிக்கல்தான், அதை வேறு யாராவது விரிவாகச் சொல்வார்கள்.

உருபை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எடுத்துக்காட்டு உவமை. குறளின் முதல் பாட்டே அப்படித்தான். எழுத்துக்கெல்லாம் அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல். 'அதுபோல' என்பதை நாம் போட்டுக்கொள்கிறோம். உவமையை மட்டும் சொல்லிவிட்டுப் பொருளை முழுக்க விழுங்கிவிட்டால் பிறிதுமொழிதல். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் இதை ஒட்டு என்கிறது. 475ஆம் குறளைப் பாருங்கள்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்

மயிற்பீலி, வண்டி, அச்சு முறிவது, இவ்வளவுதான் இருக்கிறது. அரசன், பகைவர், படை என்று ஒரு சொல் இல்லை. 'வலியறிதல்' என்ற அதிகாரத் தலைப்பைக் கிழித்துவிட்டால் இதை வண்டிக்காரருக்குச் சொன்ன அறிவுரை என்று நினைத்துக்கொள்ளலாம்!

பாதி உருவகமும் உண்டு. 10ஆம் குறளில் பிறவியைப் பெருங்கடல் ஆக்கியவர், இறைவன் அடியைத் தெப்பம் ஆக்கவில்லை, நாமே ஆக்கிக்கொள்கிறோம். ஏகதேச உருவகம் என்று பெயர். விட்ட பாதியை வாசகர் தடுமாறாமல் நிரப்ப முடிந்தால்தான் இது எடுபடும்.

இனி, ஒரு உவமை முழுதாக வேலை செய்வது எப்படி என்பதற்கு 58ஆம் பாட்டு. வெள்ளிவீதியார் பாடியது, தலைவன் தன்னை இடித்துப் பேசும் நண்பனிடம் சொல்கிறான்:

ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணின் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன்று இந்நோய் நோன்றுகொளற்கு அரிதே

ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பாருங்கள். வெயில் காயும் பாறை, நிழலுக்கு வழியில்லை. கை இல்லை, எடுத்து வேறிடம் வைக்க முடியாது. ஊமன், யாரையும் கூப்பிட முடியாது. கண் மட்டும் இருக்கிறது, உருகுவது முழுக்கத் தெரிகிறது. ஒன்றை நீக்கினாலும் கட்டடம் சரிந்துவிடும். 'ஊமன்' இல்லாவிட்டால் கத்தி உதவி கேட்டிருப்பானே என்று நமக்குத் தோன்றும். கண்ணும் இல்லாவிட்டால் வேதனையே இல்லை. கவனிக்க வேண்டிய சொல் 'பரந்தன்று'. நோயும் பரவும், உருகிய வெண்ணெயும் பரவும், ஒரே வினை இரண்டுக்கும் இயல்பாகப் பொருந்துகிறது. 'கொளற்கு அரிது' என்பதையும் அப்படியே படிக்கலாம்: பொறுத்துக்கொள்ளவும் முடியாது, வழித்து எடுத்துக்கொள்ளவும் முடியாது.

தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்திலேயே உவமை பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்பது வினை. மாரி போன்ற கொடை பயன். துடி போன்ற இடை மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் உரு, அதாவது நிறம். நாலும் சமம் என்று இலக்கணம் சொல்லட்டும். என் கணக்கில் வினைதான் ராஜா. மற்றவை சீக்கிரம் பழசாகிவிடும்.

வேர்ப்பலா:

உள்ளுறை, இறைச்சிக்கு வருகிறேன். 8ஆம் பாட்டு ஆலங்குடி வங்கனாருடையது:

கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

முதல் அடையாளம், காட்சி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. 'ஊரன்' என்ற சொல்லுக்கு முன்னால், அவன் ஊரை வர்ணிக்கும் அடையாக நிற்கிறது. அகப்பாட்டில் நாடன், ஊரன், துறைவன், சேர்ப்பன் என்று தலைவனைச் சுட்டும் பெயரைக் கண்டால், அதற்கு முன்னால் இருக்கும் அடைமொழியை நிறுத்தி இரண்டு தடவை படியுங்கள். உள்ளுறை பெரும்பாலும் அங்கேதான் பதுங்கியிருக்கும்.

அடுத்தது, யார் யாரிடம் பேசுகிறார்கள். இங்கே பேசுபவள் காதற்பரத்தை, அதாவது மனைவியான தலைவியை விட்டுத் தலைவன் நாடிப்போகும் காதலி. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேட்டு, தலைவியின் பக்கத்தவர் காதில் விழும்படி சொல்கிறாள். இது தெரியாமல் மாம்பழத்தைத் தொடவே கூடாது.

மூன்றாவதாக வினைச்சொற்களை உருவுங்கள். விளைந்து, உகு, கதூஉம். பழம் தானே பழுத்து, தானே உதிர்கிறது. மீன் மரம் ஏறவில்லை, கிளையை உலுக்கவில்லை. நீரில் இருந்த இடத்தில் வாய்க்கு வந்ததைக் கவ்விக்கொண்டது. இப்போது பேசுபவள் நிலையோடு பொருத்துங்கள்: 'நான் அவனை இழுக்கவில்லை, அவனாக வந்து விழுந்தான்.' பழிக்கு மறுப்பு முழுவதும் ஊர் வர்ணனைக்குள் முடிந்துவிட்டது. தொல்காப்பியர் இதைத்தான் 'இதனோடு ஒத்துப் பொருள் முடிக' என்று உள்ளே வைத்துச் சொல்வது என்கிறார். தெய்வம் நீங்கலாக மற்றக் கருப்பொருள்களை (அந்தந்த நிலத்துக்கு உரிய விலங்கு, பறவை, மரம் போன்றவற்றை) நிலமாகக் கொண்டு இது வரும் என்பதும் அவர் விதி.

பின்பாதி நேர் எதிர். ஆடிப்பாவை என்றால் கண்ணாடியில் தெரியும் உருவம். 'போல' இருக்கிறது, பொதுத்தன்மையும் ('தூக்கத் தூக்கும்') இருக்கிறது. இது ஏனை உவமம். தொல்காப்பியர் வாக்கில் 'தான் உணர் வகைத்து', கேட்டவுடனே புரிந்துவிடும். ஒரே பாட்டில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் பிரித்துப் பழக இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது. தன் பழியைப் பேசும்போது மறைத்துப் பேசுகிறாள். அவன் வீட்டில் ஆடும் ஆட்டத்தைச் சொல்லும்போது ஒளிவுமறைவே இல்லை. 'மனைவி' என்னாமல் 'புதல்வன் தாய்' என்றது தனிக் குத்து.

இனி 37. பாலை பாடிய பெருங்கடுங்கோ:

நசைபெரிது உடையர் நல்கலும் நல்குவர்
பிடிபசி களைஇய பெருங்கை வேழம்
மென்சினை யாஅம் பொளிக்கும்
அன்பின தோழி அவர்சென்ற ஆறே

பிடியின் (பெண் யானையின்) பசியைப் போக்க களிறு (ஆண் யானை) யாமரத்துப் பட்டையை உரிக்கிறது. களிறு தலைவன், பிடி தலைவி, பட்டை பொருள் என்று பங்கு போடத் தோன்றும். வேண்டாம். இந்தக் காட்சி அவன் போன வழியில் உண்மையாகவே நடக்கிறது. அதை அவன் கண்ணால் பார்ப்பான், பார்த்தால் இவள் நினைவு வரும், திரும்பி வருவான் என்று தோழி தேற்றுகிறாள். 'அன்புறு தகுந இறைச்சியுள் சுட்டலும் வன்புறை ஆகும்' (அன்பைத் தூண்டும் காட்சியை இறைச்சியில் சுட்டுவதும் தேற்றுவதாகும்) என்ற தொல்காப்பிய நூற்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு தேடவேண்டியதில்லை.

ஆக, வேறுபாட்டை இப்படி வைத்துக்கொள்ளலாம். உள்ளுறையில் காட்சி வேறொன்றுக்குப் பதிலாக நிற்கும், புள்ளிக்குப் புள்ளி பொருந்தும். இறைச்சியில் காட்சி காட்சியாகவே இருந்து, அதிலிருந்து ஒரு குறிப்பு கசியும். 'இது அதற்குப் பதில்' என்று சொல்ல முடிந்தால் உள்ளுறை. 'இதைப் பார்த்தால் அது தோன்றும்' என்றுதான் சொல்ல முடிகிறதென்றால் இறைச்சி. உரையாசிரியர்களே இறைச்சி விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை என்பதால், எல்லைக்கோட்டில் நிற்கும் பாட்டுகளுக்குப் பெயர் சூட்டுவதில் ரொம்பவும் சண்டை பிடிக்கவேண்டாம்.

18ஆம் பாட்டையும் கையோடு படித்துவிடுங்கள். கபிலர் பாட்டு, தோழி தலைவனிடம் 'சீக்கிரம் கல்யாணம் செய்துகொள்' என்று நெருக்குகிறாள். 'சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கியாங்கு இவள் உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே' என்ற வரி எல்லோருக்கும் தெரியும். சிறிய கிளை உயிர், பெரிய பழம் காமம். அளவைச் சொன்னவர் ஒன்றைச் சொல்லவில்லை: கிளை முறிந்துவிடும். பாட்டு முழுக்க அந்தச் சொல்லாத வினைமேல்தான் தொங்குகிறது. இன்னும் மேலே போய் முதல் வரியைப் பாருங்கள். 'வேரல் வேலி வேர்க்கோட் பலவின் சாரல் நாட.' அவன் நாட்டுப் பலா மூங்கில் வேலிக்குள்ளே வேரிலேயே காய்க்கிறது. விழ இடமில்லை, திருட வழியில்லை. இவளுடைய பலா மட்டும் மெல்லிய கிளையில் ஆடுகிறது. ஒரே மரத்தை இரண்டு இடத்தில் வைத்து எதிரெதிராக நிறுத்திவிட்டார்.

புதுவாசகர்:

நன்றி, 8 இப்போது திறந்துகொண்டது. ஒரு சந்தேகம். பழம் தலைவன், மீன் பரத்தை என்றால் மாமரம் தலைவியா? கழனி யார்? 25ஆம் பாட்டில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் குருகுப் பறவையும் உள்ளுறைதானா?

வேர்ப்பலா:

மரத்தைத் தலைவியாகக் கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் கழனி யார், சேறு யார், இலை யார் என்று போனால் பாட்டு ரேஷன் கார்டு ஆகிவிடும். வினை செய்யும் உறுப்புகளுக்கு மட்டும் ஆள் தேடுங்கள். பழம் உகுகிறது, மீன் கதுவுகிறது. மரம் இங்கே ஒன்றும் செய்யவில்லை.

25இல் குருகு யாருக்கும் பதிலாக நிற்கவில்லை. பாட்டில் பேசுபவள் தலைவி, தலைவன் தன்னோடு கூடிய அன்றைக்கு அங்கே இருந்த ஒரே சாட்சி அது. 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால' என்பது சாதாரண உவமை, நிறமும் மெலிவும் சேர்ந்தது. அதன் கண் ஓடும் நீரில் ஆரலைத் தேடிக்கொண்டிருந்தது என்பதில்தான் குறிப்பு: இருந்த ஒரு சாட்சியும் நம்மைப் பார்க்கவில்லை. உள்ளுறை என்று லேபிள் ஒட்டினால் அந்த வேதனை தொலைந்துவிடும்.

இன்னொரு வரம்பும் இருக்கிறது. தலைவி உள்ளுறை சொன்னால் அவள் அறிந்த பொருளில் இருக்கவேண்டும், தோழி சொன்னால் அந்த நிலத்தைத் தாண்டக் கூடாது என்று உவமவியல் வரையறுக்கிறது ('கிழவி சொல்லின் அவளறி கிளவி', 'தோழிக்கு ஆயின் நிலம்பெயர்ந்து உரையாது'). இன்றைக்கு எழுதுகிறவருக்கும் இது உதவும். கவிதையில் பேசுகிறவர் கண்ணால் பார்த்திராத பொருளை அவர் வாயில் உவமையாக வைத்தால் அங்கே கவிஞரின் மீசை தெரிந்துவிடும்.

கொடிக்கம்பம்:

ஏட்டுச்சுரைக்காய் சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும். 'போல' வந்தும் உவமை ஆகாத இடம் உண்டு. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது சிலப்பதிகாரத்தில்,

போருழந்து எடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

என்று வரும். மதில்மேல் கொடி காற்றில் ஆடுவது இயற்கை. 'வராதே' என்று கைகாட்டுகிறது என்பது கவிஞர் ஏற்றிய குறிப்பு. தற்குறிப்பேற்றம். இங்கே ஒப்பிடுவதற்கு இரண்டாவது பொருள் ஒன்று வெளியே இல்லை, காரணம்தான் கற்பனை. 'எது போல?' என்று கேட்டால் விடை பெயர்ச்சொல்லாக வந்தால் உவமை, 'ஏன் இப்படி ஆடுகிறது?' என்ற கேள்விக்கு விடையாக வந்தால் தற்குறிப்பேற்றம்.

இதைப் பார்த்துப் பழகி இரங்கல் கவிதையில் 'வானமும் அழுதது' என்று எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இளங்கோவடிகளின் கொடியில் அசைவு அப்படியே ஒத்திருக்கிறது: கொடி முன்னும் பின்னும் மடங்கி ஆடுவதும், கை வேண்டாம் என்று அசைவதும் ஒரே அசைவு. அதோடு, என்ன நடக்கப்போகிறது என்று படிப்பவருக்குத் தெரியும், நடந்துபோகிறவர்களுக்குத் தெரியாது. மழைக்கும் அழுகைக்கும் நீர் ஒன்றுதான் பொது, அதுவும் ஆயிரம் முறை சொல்லியாகிவிட்டது.

திரிநூல்:

நாலு வரிக்கு வருகிறேன். மேலே சொன்ன வினைச் சோதனையை அப்படியே போடுங்கள். வீடு கடலில் மூழ்குகிறது, சரி. வேர் தீமூட்டுமா? வேர் இறங்கும், ஓடும், சுவரைப் பிளக்கும். தீபம் வாடுமா? மலர்தான் வாடும். முதல் வரியிலேயே கடலுக்குள் போன வீட்டில் இரண்டாவது வரியில் தீ எப்படிப் பற்றியது? நாலு வரிக்குள் நீர், மரம், நெருப்பு, பூ என்று நாலு களம். ஒவ்வொன்றும் முந்தையதை அணைக்கிறது. செயற்கையாக ஒலிப்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது, 'துயரக் கடல்', 'நினைவின் வேர்' மாதிரிச் சேர்க்கைகள். முதல் சொல் கருத்து, இரண்டாவது பொருள். இப்படி எழுதினால் விடையை முன்னாலேயே எழுதிவிட்டு விடுகதை போடுவதுபோல. பாரதியின் அக்கினிக் குஞ்சை நினைத்துப் பாருங்கள். பொந்து, காடு, தழல். 'சுதந்திரக் குஞ்சு' என்றோ 'ஞானக் குஞ்சு' என்றோ சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சொல்லாததால்தான் இன்னும் எரிகிறது.

மூன்றாவது சின்ன விஷயம்தான், பலர் தவறவிடுவது. 'போன்ற' பெயரோடு ஒட்டும், 'போல' வினையோடு ஒட்டும். 'நதி போன்ற வாழ்க்கை' என்றால் நின்ற படம். 'நதிபோல வளைந்து போனான்' என்றால் ஓட்டம் வருகிறது. எழுதியதில் 'போன்ற' எத்தனை என்று எண்ணி, பாதியையாவது 'போல' ஆக்கிப் பாருங்கள். மாற்றும்போது ஒரு வினை தேடியே ஆகவேண்டும், அந்தத் தேடலில் உவமை உயிர்த்துக்கொள்ளும். வினை கிடைக்கவில்லை என்றால் அந்த உவமை தேவையில்லை.

சரிசெய்ய: நாலு களத்தில் ஒன்றை மட்டும் வையுங்கள். தீபம் நல்லது, பூட்டிய வீட்டுக்குள் உண்மையிலேயே இருக்கக்கூடிய பொருள். பிறகு ஒரு தாளில் விளக்கு சம்பந்தப்பட்ட பத்துப் பன்னிரண்டு பெயரும் வினையும் எழுதுங்கள். திரி, திரி கருகல், தூண்டுதல், எண்ணெய் வற்றுதல், சுடர் சிறுத்தல், அகல் விரிசல், மாடக்குழி, சுவரில் படிந்த கரி, பிசுக்கு. 'அம்மா', 'துயரம்', 'நினைவு' மூன்றையும் தாளில் எழுதாதீர்கள். பட்டியலிலிருந்து இரண்டோ மூன்றோ எடுத்து நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

புதுவாசகர்:

முயன்று பார்த்தேன். தலைப்பு 'அம்மா'.

மாடக்குழியில் இன்னும்
எண்ணெய்ப் பிசுக்கு.
தொட்ட விரலில்
ஒட்டி வருகிறது கரி

வேர்ப்பலா:

கவனித்தீர்களா, இதில் உருவகமே இல்லை. மாடக்குழி மாடக்குழியாகவே இருக்கிறது, அதைத் தொட்டவருக்கு ஏதோ தோன்றுகிறது. 37ஆம் பாட்டு யானை செய்த வேலை.

திரிநூல்:

'இன்னும்' வேண்டாம். பிசுக்கு இருக்கிறது என்றாலே இன்னும் இருக்கிறது என்றுதான் பொருள். தலைப்பிலிருந்து 'அம்மா'வையும் எடுங்கள், தாளில் எழுதாதே என்றதைத் தலைக்குமேல் எழுதிவிட்டீர்கள். 475ஆம் குறளுக்கு 'வலியறிதல்' செய்த மாதிரி, தலைப்பு திசையை மட்டும் காட்டட்டும். 'கார்த்திகை' என்று வைத்துப் பாருங்கள். ஊரெல்லாம் விளக்கு எரியும் நாள் அது.